குட்டி காருக்கு மெத்தை நடை வருமா?

போன வாரம் வந்த மெயில்களில் ஒன்றை இரண்டு மூன்று முறை படித்தேன். எழுதியவர் டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி.

"சார், வீட்டில் அப்பா காலத்து மாருதி 800 இருக்கிறது. என்ஜின் இன்னும் நன்றாக ஓடுகிறது. அம்மாவுக்குப் போன வருடம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனது. மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர் வரும்போதும் அம்மா முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். பழைய சிட்ரோயன் கார்களில் இருந்த ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷனை எங்கள் காரில் மாட்ட முடியுமா? பழைய பாகங்களை வாங்கி அனுப்ப வெளிநாட்டில் இருக்கும் மாமா தயார்."

முடியும், முடியாது என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு அம்மாவின் முதுகு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம். மற்றவர்களுக்கும் உதவும்.

ஸ்பிரிங் இல்லாத கார்

நம் கார்களில் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். கூடவே, அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்க ஒரு ஷாக் அப்சார்பர். ஹைட்ரோநியூமேட்டிக்கில் இந்த இரண்டுமே கிடையாது. அந்த இடத்தில் தேங்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை. உள்ளே நடுவில் ஒரு ரப்பர் திரை. திரைக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய்.

சக்கரம் மேட்டில் ஏறும்போது ஒரு பிஸ்டன் எண்ணெயை உருண்டைக்குள் தள்ளுகிறது. எண்ணெயை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். நைட்ரஜன் சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. மேடு தாண்டியதும் விரிந்து எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. உருண்டையின் கழுத்தில் சிறு துளைகளும் வால்வுகளும் இருக்கும். எண்ணெய் அதன் வழியே முக்கி முனகிப் போகவேண்டி இருப்பதால் துள்ளல் அடங்குகிறது. ஷாக் அப்சார்பர் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதோடு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. பின்சீட்டில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் சாதாரண காரின் பின்பக்கம் அமுங்கும். இந்தக் காரில் 'ஹைட் கரெக்டர்' என்ற வால்வு அதை உணர்ந்து, கூடுதல் எண்ணெயை அனுப்பி, காரைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். இதற்கான அழுத்தத்தை என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்ப் உண்டாக்குகிறது. சிட்ரோயனின் பழைய கார்களில் அந்த அழுத்தம் 145 முதல் 170 பார் வரை. வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது ஏறக்குறைய 1 பார்தான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதை உருவாக்கியவர் பால் மாஜெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். என்ஜினீயரிங் பட்டம் எதுவும் இல்லாமல் சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். 1954-ல் 'டிராக்‌ஷன் அவான்' காரின் பின்சக்கரங்களுக்கு மட்டும் முதலில் வந்தது. அடுத்த வருடம், 1955 அக்டோபரில், பாரிஸ் மோட்டார் ஷோவில் நான்கு சக்கரங்களுக்கும் இந்த ஏற்பாட்டோடு டிஎஸ் கார் அறிமுகமானது. முதல் நாளிலேயே சுமார் 12,000 ஆர்டர்கள் குவிந்தன.

1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெட்டி கிளமார்ட்டில் பிரான்ஸ் அதிபர் சார்லஸ் டி கால் போன டிஎஸ் காரைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. டயர்கள் வெடித்தும் டிரைவர் காரை நிறுத்தாமல் ஓட்டி அதிபரைக் காப்பாற்றினார். அதில் இந்த சஸ்பென்ஷனுக்கும் பங்கு உண்டு என்று இன்றும் சொல்வார்கள்.

குட்டி காருக்கு ஏன் இவ்வளவு குலுக்கல்?

தம்பி கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, எடை. மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. 65 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 260 கிலோ கூடுகிறது. காரின் எடையில் இது 40 சதவீதம்! இரண்டு டன் எடையுள்ள பெரிய காருக்கு அதே நான்கு பேர் 13 சதவீதம்தான். நான்கு பேரைத் தாங்கும்படி குட்டி காரின் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தால், இரண்டு பேர் மட்டும் போகும்போது தூக்கிப் போடும். இரண்டு பேருக்கு ஏற்றபடி மிருதுவாக வைத்தால், நான்கு பேர் ஏறும்போது தரை தட்டும். எண்ணெயும் வாயுவும் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. சுமை கூடும்போது வாயு தானாகவே விறைக்கும், உயரமும் மாறாது.

இரண்டாவது, நீளம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை வீல்பேஸ் என்கிறோம். மாருதி 800-க்கு அது 2.175 மீட்டர். அந்தக் கால அம்பாசடருக்கு 2.46 மீட்டர். டிஎஸ்ஸுக்கு 3.125 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மேட்டில் மாருதியின் முன்சக்கரம் ஏறி 0.2 விநாடிக்குள் பின்சக்கரமும் ஏறிவிடும். மூக்கு மேலே போய் இறங்குவதற்குள் வால் மேலே வரும். இந்த முன்னும் பின்னுமான ஆட்டத்துக்குப் பெயர் 'பிட்ச்சிங்'. முதுகு வலிக்காரர்களுக்கு இதுதான் பெரிய எதிரி.

ஒரு மனிதர், ஒரு மெட்ரோ

குட்டி காரில் இதைத் தீர்க்க முடியுமா என்று வாழ்நாளெல்லாம் முயன்ற ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அலெக்ஸ் மோல்டன் (1920-2012). குட்டிச் சக்கர மோல்டன் சைக்கிளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ரப்பர் தொழில் செய்த குடும்பம். மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் நண்பர். 1959-ல் வந்த மினியில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் இருந்த ரப்பர் கூம்புகள் மோல்டனின் யோசனை.

அடுத்து அவர் 'ஹைட்ரோலாஸ்டிக்' என்று ஒன்று செய்தார. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒரு குழாயால் இணைத்து, உள்ளே திரவத்தை நிரப்பினார். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் பின்பக்கம் ஓடி, வாலையும் சேர்த்துத் தூக்கும். கார் மூக்கை நிமிர்த்தாமல் சமமாகவே எழுந்து சமமாகவே இறங்கும். பிட்ச்சிங் குறைந்தது. 1964 முதல் சில வருடங்கள் மினியிலும் இது வந்தது. பிறகு ரப்பருக்குப் பதில் நைட்ரஜன் வாயுவை வைத்து 'ஹைட்ராகேஸ்' ஆக்கினார். 1973-ல் ஆஸ்டின் அலெக்ரோவில் அறிமுகம்.

சிட்ரோயன் ஏற்பாட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹைட்ராகேஸில் பம்ப் இல்லை, ஹைட் கரெக்டர் இல்லை. தொழிற்சாலையில் திரவத்தை ஏற்றி மூடிவிடுவார்கள். அதனால் செலவு குறைவு, சிறிய காருக்குப் பொருத்தம்.

1980-ல் ஆஸ்டின் மெட்ரோ என்ற குட்டி கார் வந்தது. அதிலும் ஹைட்ராகேஸ்தான். ஆனால் முன்னையும் பின்னையும் இணைக்கும் குழாயை மட்டும் வைக்கவில்லை. உயிர்நாடியே இல்லாத உடம்பு மாதிரி. மோல்டனுக்கு மனது கேட்கவில்லை. ஒரு மெட்ரோவை எடுத்துத் தன் பொறுப்பில் மாற்றியமைத்தார். முன்னும் பின்னும் இணைத்து, ஓட்டிக் காட்டினார். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் 1990-ல் வந்த புதிய ரோவர் மெட்ரோவில் கம்பெனியே அந்த இணைப்பைச் சேர்த்தது. அந்தக் காரின் சவாரியை மோட்டார் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின.

மாற்றியமைத்த ஒரு சின்ன கார் பெரிய கம்பெனியின் மனதை மாற்றிய கதை இது. தம்பியின் ஆசை பைத்தியக்காரத்தனம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிட்ரோயனும் 1970-ல் 'ஜிஎஸ்' என்ற காரில், வெறும் 1,015 சிசி என்ஜினோடு, முழு ஹைட்ரோநியூமேட்டிக் ஏற்பாட்டையும் கொடுத்தது. ஆகவே சின்ன என்ஜினால் அந்த பம்ப்பைச் சுழற்ற முடியும்.

பிறகு எங்கே சிக்கல்?

மோல்டன் மாற்றியது ஏற்கெனவே ஹைட்ராகேஸ் இருந்த காரை. அந்த பாடி, அந்தக் கைகள், அந்தத் தாங்கிகள் எல்லாமே அதற்காகவே செய்யப்பட்டவை. இரும்பு ஸ்பிரிங்குக்காகச் செய்த காரில் இதை மாட்டுவது முற்றிலும் வேறு வேலை.

ஒரு கணக்கு பார்ப்போம். நான்கு பேரோடு மாருதியின் எடை சுமார் 910 கிலோ. ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 230 கிலோ. எண்ணெயின் அழுத்தம் 50 பார் என்றால் இதைத் தாங்க வேண்டிய பிஸ்டனின் அகலம் 24 மில்லிமீட்டர்தான். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம்! காரின் கால்வாசி எடையும், பள்ளத்தில் விழும்போது அதைவிடப் பல மடங்கு அடியும், அந்த நாணய அகலத்தின் வழியாகத்தான் பாடிக்குப் போகும். பாடியின் தகடு அந்த இடத்தில் அதற்கேற்ற பலத்தோடு இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் கண்ணளவில் செய்கிற வேலை இல்லை இது.

அடுத்தது, உருண்டைக்குள் இருக்கும் நைட்ரஜன். எடை கூடிய காருக்காகச் செய்த உருண்டையை எடை குறைந்த காரில் மாட்டினால் என்ன ஆகும்? மிருதுவாக இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நேர்மாறாக நடக்கும். உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தம், காரின் எடையால் எண்ணெயில் உண்டாகும் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால், ரப்பர் திரை அசையவே அசையாது. கார் கட்டை வண்டி மாதிரி ஓடும். வாயுவைக் குறைத்து நிரப்ப வேண்டும், கழுத்துத் துளைகளையும் மாற்ற வேண்டும். வாயுவும் நைட்ரஜனாகத்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஆக்சிஜனையோ காற்றையோ நிரப்பினால், திரை கிழிந்து எண்ணெயோடு கலக்கும் நாளில் வெடிக்கலாம்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். டிஎஸ்ஸில் முதலில் சிவப்பு நிறத் திரவம் இருந்தது. அது ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கச் செய்ததால், 1960-களின் பிற்பாதியில் பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறினார்கள். ஒன்றுக்கான சீலில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் கெட்டுவிடும். சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினாலும் இதே கதிதான்.

அதைவிட முக்கியம் பிரேக். சிட்ரோயனில் சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் அழுத்தம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. பம்ப் நின்றாலும் சில தடவை பிரேக் பிடிக்கும்படி சேமிப்பு உருண்டையும், பிரேக்குக்கே முதல் உரிமை தரும் வால்வும் வைத்திருக்கிறார்கள். பாதிப் பாகங்களை எடுத்து வேறு காரில் மாட்டுபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு முழுசாகக் கிடைக்காது. மாட்டியே தீருவேன் என்பவர்கள் காரின் சொந்த பிரேக்கைத் தொடவே கூடாது.

கையும் தலையும் பத்திரம்

இந்தப் பகுதியை, பழைய சிட்ரோயன் வைத்திருப்பவர்கள் மட்டுமில்லை, ஜேசிபி, டிராக்டர், டிப்பர் போன்ற ஹைட்ராலிக் வண்டிகளில் வேலை செய்பவர்களும் படிக்க வேண்டும்.

குக்கரைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய், குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத கம்பி மாதிரி பீறிடும். எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. வலிகூட முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையே இழந்தவர்கள் உண்டு. அப்படி நடந்தால் கழுவிவிட்டுக் கட்டுப்போட்டு உட்காராதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஒழுகலைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

இன்னொன்று, இந்தக் கார்கள் என்ஜினை நிறுத்திய பிறகு மெதுவாகக் கீழே இறங்கும். நல்ல உயரத்தில்தானே இருக்கிறது என்று ஸ்டாண்டு வைக்காமல் அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம்.

ரீல்ஸில் ஆடும் கார்கள்

'போனில் பார்த்தேன், ஒரு குட்டி கார் பட்டனைத் தட்டினால் தரையோடு படுக்கிறது, பிறகு குதிக்கிறது, அது இதுதானே?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. தரையோடு படுப்பவை காற்றுப் பைகள் மாட்டிய கார்கள். குதிப்பவை அமெரிக்காவின் 'லோரைடர்' வகை. 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவில், கார் பாடி சக்கர ரிம்முக்குக் கீழே தொங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பம்ப்புகளை மாட்டி, வேண்டும்போது தாழ்த்தி, போலீஸைக் கண்டால் உயர்த்தினார். அந்த வழியில் வந்தவைதான் இவை. அவற்றின் குறி வேடிக்கை, சவாரி சுகம் இல்லை.

நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சஸ்பென்ஷனையே மாற்றிய கார் விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் பிரச்சினை வரும். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் காரில் இந்த ரிஸ்க் எதற்கு?

இன்னொரு உண்மையும் இருக்கிறது. மோல்டனின் ஹைட்ராகேஸை நம்பி 1995-ல் வந்த எம்ஜிஎஃப் காருக்கு அடுத்து, 2002-ல் வந்த எம்ஜி டிஎஃப் இரும்பு ஸ்பிரிங்குக்கே திரும்பிவிட்டது. சிட்ரோயனும் 2017-ல் சி5 காரோடு ஹைட்ரோநியூமேட்டிக்கை நிறுத்திவிட்டது. உருண்டையில் உள்ள வாயு வருடங்கள் போகப் போகத் திரை வழியே கசிந்து குறையும். திரும்ப நிரப்ப ஆளும் கருவியும் வேண்டும். எம்ஜிஎஃப் வைத்திருப்பவர்களே பாகம் கிடைக்காமல் ஸ்பிரிங்குக்கு மாற்றிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்டு வரும் பாதையில் நாம் புதிதாக ஏற வேண்டுமா?

இதற்காக அந்தத் தொழில்நுட்பமே செத்துப்போனது என்று அர்த்தமில்லை. ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கி அத்தனை பெரிய எடையோடு மேடு பள்ளத்தில் ஓடுவது ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷனில்தான். எண்ணெயும் வாயுவும் தாங்குகிற அந்த வித்தையைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

தம்பிக்கு என் பதில்

மாமாவை உருண்டைகள் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும்.

முதல் வேலை, காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விட்டுப் பார். ஒரு தடவை எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்று. கூடவே ஸ்ட்ரட் மவுண்ட், கைகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். அப்பா காலத்து காரில் ரப்பர் கல்லாகியிருக்கும். குலுக்கலில் பாதி அங்கிருந்துதான் வரும்.

இரண்டாவது, டயர் காற்று. மைலேஜ் கிடைக்கும் என்று கூடுதலாக அடைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கம்பெனி சொன்ன அளவுக்கு, டயர் சூடாகாத காலை நேரத்தில் அடை.

மூன்றாவதுக்குக் காசே தேவையில்லை. அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைக்கிறாயா? வசதியாகச் சாய்ந்துகொள்ளட்டும் என்று பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். சின்ன காரில் பின்சீட்டு கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கும். அடி நேராக மேலே வரும். முன்சீட்டு இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் இருப்பதால் ஆட்டம் குறைவு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்னால் உட்கார வை.

நான்காவது, ஸ்பீடு பிரேக்கரில் ஏறும் வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாதே. பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமுங்கி, ஸ்பிரிங் பாதி சுருங்கிய நிலையில் மேட்டில் ஏறும். அடி நேராக உள்ளே வரும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, கார் சமமான பிறகு நடக்கும் வேகத்தில் ஏறி இறங்கு.

உன் ஆசையையும் விட வேண்டாம். கடைசி வருட பிராஜெக்டுக்கு ஒரே ஒரு சக்கரத்துக்கான மாதிரியைச் செய். காலேஜ் ஹைட்ராலிக் லேபில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, குறைந்த அழுத்தத்தில் செய். ஸ்பிரிங் ஒரு பக்கம், வாயு உருண்டை ஒரு பக்கம் வைத்து, சுமையை ஏற்றி ஏற்றி ஒப்பிட்டுப் பார். மோல்டனும் கையால் செய்து, ஓட்டிக் காட்டித்தான் மற்றவர்களை நம்ப வைத்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் எழுது. ஸ்பீடு பிரேக்கர் வந்தபோது அம்மா கண்ணை மூடினாரா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.